பனி தள்ளுகிறவரும் ஆற்றுவாழை அள்ளுகிறவரும்

இலங்கையின் கிழக்கில், நாவிதன்வெளியில் இருந்துகொண்டு பனி தள்ளும் லொறியைப் பற்றி எழுதுகிறேன் என்று சிரிக்க வேண்டாம். நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் வயலுக்கு மேலே புகைபோல நிற்பது, அவ்வளவுதான். போன தை மாதம் கனடாவில், டொரொண்டோ நகரத்து ஸ்காபரோவில் அக்கா வீட்டில் நின்றபோதுதான் மற்றப் பனியைக் கண்டேன்.

ஒரு நாள் விடிய நாலு மணி. அறைச் சுவர் முழுக்க நீல வெளிச்சம். அம்புலன்ஸ் என்று பயந்து எழும்பிப் பார்த்தால், பனி தள்ளும் லொறி. அந்த ஒண்டாரியோ மாகாணத்தில் அதற்கு நீல விளக்குத்தான். முன்னால் பெரிய இரும்புத் தகடு. நேராக இல்லை, சாய்த்துப் பூட்டியிருக்கிறார்கள். அதனால் பனி முன்னுக்குக் குவியாமல், கலப்பை மண்ணைப் புரட்டுவது போலச் சுருண்டு ஓரத்தில் விழுகிறது. பின்னால் ஒரு தட்டு சுழன்று சுழன்று உப்பு வீசுகிறது. 2025இல் உப்புப் பைக்கற்றுக்குக் கடை கடையாக அலைந்த நமக்கு அதைப் பார்க்க வயிறு எரியும். அவர்களுக்கு ஹியூரன் ஏரிக்கு அடியில், கோடரிச் என்ற ஊரில், பெரிய உப்புச் சுரங்கமே இருக்கிறது. குளிர் மிகவும் கூடினால் அந்த உப்பும் சரிவராது. சில்லு வழுக்காமல் இருக்க மணல்தான் போட வேண்டும்.

விடிந்ததும் அத்தான் பனி அள்ளும் சவளோடு வெளியே இறங்கினார். லொறி ஒதுக்கிய பனி கார் வெளியேறும் வாசலை மறித்து அணைக்கட்டுப் போலக் கிடந்தது.

“இவன் வேணுமெண்டே நம்மட வாசல்ல கொட்டிட்டுப் போறான்.”

“அவர் வராட்டி நீங்க வேலைக்கே போகேலாதே அத்தான்.”

“நீ ரெண்டு நாளைக்குச் சவள் பிடிச்சுப் பாரு, மறுகா பேசு.”

பிடித்தேன். அன்று பின்னேரமே இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஆனாலும் என் கட்சி மாறவில்லை. இரவிரவாக ரோட்டைத் திறந்துவிட்ட மனிதனின் முகத்தை அந்தத் தெருவில் ஒருவரும் பார்த்ததில்லை. எல்லோருக்கும் தெரிந்தது வாசலில் கிடந்த குவியல் மட்டும்தான். 1999 ஜனவரியில் பனி அள்ளி மாளாமல் டொரொண்டோ மேயர் மெல் லாஸ்ட்மன் இராணுவத்தையே கூப்பிட்டாராம். ஆமிக்காரர் ரோட்டுக்கு வந்து சவள் பிடித்தார்கள் என்று அக்கா சொன்னபோது எனக்கு வேறு விதமாகச் சிரிப்பு வந்தது.

சரி, ஊருக்கு வருவோம். கல்முனைக்கும் எங்களுக்கும் நடுவில் கிட்டங்கித் தாம்போதி, அதாவது தாழ்ந்த பாலம் போன்ற ரோடு. மாரி பிறந்தால் தண்ணீர் அதற்கு மேலால் பாயும். வெறும் தண்ணீர் என்றால் பரவாயில்லை, கூடவே ஆற்றுவாழை, அதுதான் ஆகாயத்தாமரை, வரும். வேரோடு வேர் பின்னிப் பாய் பாயாக வந்து, தாம்போதிக்கு அடியில் தண்ணீர் போகும் கண்களை அடைத்துவிடும். போக வழியில்லாத தண்ணீர் ரோட்டில் ஏறும். அப்போதுதான் மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் வரும். அதன் வாளி ஒரு பிடி பிடித்துத் தூக்கினால், கறுத்த வேர்கள் தண்ணீர் சொட்டச் சொட்டத் தொங்கும். வாளிக்கு எட்டாத இடத்தில் இரண்டு பேர் இடுப்பளவு தண்ணீரில் நின்று கத்தியால் அறுப்பார்கள். அதற்குள் பாம்பு இருக்கும் என்பது அவர்களுக்கும் தெரியும். 2024 நவம்பரில் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரத்தோடு மத்ரசாப் பிள்ளைகள் அள்ளுண்டு போனதைக் கண்ட நமக்கு, அந்தத் தண்ணீரின் இழுவையைப் பற்றி யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

ஆனால் அடுத்த நாள் முகநூலைத் திறந்தால் என்ன இருக்கும்? முழங்கால் சப்பாத்தும் குடையுமாக ஒருவர் பெக்கோவைப் பார்த்துக் கை நீட்டுகிற படம். கீழே நூறு பேர் நன்றி. நான் ஒரு கட்சியைச் சொல்லவில்லை, எல்லாக் கட்சிக்கும் ஒரே சப்பாத்துத்தான். பெக்கோவுக்குள் இருந்தவர் படத்தில் பாதி வெட்டுப்பட்டிருப்பார். இது எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

கனடாவால் வந்த பிறகு ஒரு மழை நாளில், போத்தலில் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு தாம்போதிக்குப் போனேன். பெக்கோ ஓட்டிய பொடியன் இயந்திரத்தை நிறுத்தவில்லை. கதவை மட்டும் திறந்து சத்தம் போட்டான்:

“சேர், அங்கால தள்ளி நில்லுங்க. கரை அரிச்சுப் போய்க் கிடக்கு.”

தள்ளி நின்றேன். அவன் இறங்கி வருவதற்குள் டீ ஆறிவிட்டது.