ரெண்டு பேர் மட்டும் போய்ட்டு வாங்க

உள்நாட்டில் சுற்றுலா போனால் கணவன் மனைவிக்கு அப்படி என்ன கிடைத்துவிடப் போகிறது, போனால் பாலி, மாலத்தீவு என்று போக வேண்டும், இல்லையென்றால் வீட்டோடு இருந்துவிடலாம் என்ற பேச்சு இப்போது அதிகமாகிவிட்டது. கல்யாணச் செலவு எழுதும்போதே மண்டபம், சமையல், ஜவுளிக்கு அடுத்த வரியில் ஹனிமூன் பேக்கேஜ் வந்துவிடுகிறது. அதற்காகத் தனிநபர் கடன் வாங்கிவிட்டு முதல் வருஷம் முழுக்கத் தவணை கட்டும் பிள்ளைகள் எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். மாசம் பிறந்தால் அந்தத் தவணையை வைத்தே அவர்களுக்குள் மனக்கசப்பு வருகிறது. பார்க்கவே வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

என்னைக் கேட்டால், நம் நாட்டுக்குள் போவது கணவன் மனைவிக்கு நூற்றுக்கு நூறு பிரயோஜனம். அதிலும் மதுரையில் இருக்கிறவர்களுக்கு நாலு திசையிலும் போக இடம் இருக்கிறது. ஆனால் ரெண்டு பேர் மட்டும் போக வேண்டும். இந்த ஒன்று இல்லையென்றால் பக்கத்தில் போனாலும் தூரத்தில் போனாலும் ஒன்றுதான்.

வெளிநாட்டுப் பயணம் இளசுகளுக்கு ஏன் இனிக்கிறது என்று யோசித்தால், கடலும் நீச்சல் குளமும் அதில் பாதிதான். அங்கே கூட யாரும் வர முடியாது என்பதுதான் மீதிப் பாதி. கொடைக்கானல் என்று சொல்லிப் பாருங்கள். “வண்டியில இடம் இருக்குல்ல, அத்தையையும் கூட்டிட்டுப் போயிரலாம்” என்று ஆரம்பிக்கும். போகிற வழியில் குலதெய்வம் கோயில், வத்தலக்குண்டில் சித்தி வீடு, திரும்பும்போது பழனி. ஏழு பேர் போய், ஏழு பேருக்கும் போர்வை போதவில்லை என்று ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டிருந்துவிட்டு வருவோம். குடும்பத்தோடு போவது தப்பு என்று நான் சொல்லவில்லை. அதை வருஷா வருஷம் செய்கிறோம், செய்யவும் வேண்டும். ஆனால் அதைக் கணவன் மனைவி போய்வந்த கணக்கில் எழுதாதீர்கள்.

இதில் பெண்கள் பக்கம் ஒன்று இருக்கிறது. சொந்தக்காரர் வீட்டில் போய்த் தங்கினால் ஆண்களுக்கு லீவு, எங்களுக்குச் சமையலறை மட்டும் மாறும். காலையில் எழுந்து “நீங்க இருங்க மதினி, நான் அரைச்சிடுறேன்” என்று போய் நிற்காமல் இருக்க முடியுமா? அதனால்தான் கல்யாணமான பிள்ளைகளிடம் நான் சொல்வது: ரெண்டு பேருக்குமே சொந்தக்காரர் யாரும் இல்லாத ஊராகப் பார்த்துப் போங்கள். அறை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. சாப்பாட்டை வேறு யாரோ சமைத்து, நாம் உட்கார்ந்த இடத்துக்கு அது வர வேண்டும்.

எங்களுக்குப் பெயின்ட், ஹார்டுவேர் வியாபாரம். கணக்கு வழக்கு என் பொறுப்பு. கடைக்காரர்கள் வீட்டில் லீவு என்ற சொல்லே கிடையாது. ஒரு வாரம் ஷட்டரை இறக்கினால் வாடிக்கை எதிர்க்கடைக்குப் போய்விடும். விமானம், விசா என்று ஒரு வாரம் ஒதுக்குவது எங்களைப் போன்றவர்களுக்கு நடக்காத காரியம். எங்களுக்குக் கிடைப்பது ரெண்டு ராத்திரி, மிஞ்சிப் போனால் மூன்று. அதற்குள் வீட்டுக்கு வெளியே போய், மனசு இறங்கி, திரும்பி வர வேண்டும். இதற்கு நம் ஊரைச் சுற்றி நூறு, இருநூறு கிலோமீட்டருக்குள் இருக்கிற இடங்கள்தான் தோது.

கடைக்காரர்களுக்குக் காலமும் நன்றாக அமைகிறது. ஆடியிலும் மார்கழியிலும் கிரகப்பிரவேசம் இல்லை, கல்யாணம் இல்லை. பெயின்ட் ஓடாது. பள்ளிக்கூடம் நடக்கும் மாசமானதால் ஆடியில் கொடைக்கானலில் வார நாட்களில் கூட்டமும் குறைவு. குற்றாலத்தில் அப்போதுதான் சாரல். புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய் வீட்டுக்கு அழைத்துக்கொள்ளும் வழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. அதை வேண்டாம் என்று சொல்லப் பெரியவர்களுக்கு மனசு வராது, எனக்குத் தெரியும். முதல் ஆடி போகட்டும். ரெண்டாவது ஆடியிலாவது அந்தப் பிள்ளைகளை ஒரு மலைக்கு அனுப்பிவையுங்கள். மார்கழி செட்டிநாட்டுக்கு ஏற்ற மாசம். வெயில் உறைக்காது. குமுளிப் பக்கமும் குற்றாலப் பக்கமும் அப்போது போக வேண்டாம், சபரிமலைக்குப் போகிற சாமிமார்கள் கூட்டம். ராமேஸ்வரத்துக்கு ஆடி அமாவாசை, தை அமாவாசையை ஒட்டிப் போகாதீர்கள், அறை கிடைப்பதே கஷ்டம்.

ரயிலைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். மதுரையிலிருந்து ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாகக் குருவாயூர் போகும் ரயில் மலையைப் பகலிலேயே கடக்கிறது. கொல்லத்தையும் செங்கோட்டையையும் இணைக்கும் அந்த மலைப்பாதை 1904இல் போட்டது. மீட்டர் கேஜாக இருந்ததை அகலப் பாதையாக்கி 2018இல்தான் முழுசாகத் திறந்தார்கள். பகவதிபுரம் தாண்டியதும் ஒரு நீளமான குகை. வெளியே வந்தால் ஆரியங்காவு. அங்கேயே காற்று மாறிவிடும். ராஜபாளையம் வரைக்கும் முகத்தில் அடித்த அனல் காற்று போய், ஈர மண் வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வருகிறது. அப்புறம் தென்மலைக்கு முன்னால் பதின்மூன்று கண் பாலம். ரயில் மெதுவாக அதன் மேல் வளையும்போது கீழே கொல்லம் ரோட்டில் போகிற லாரிகள் தெரியும்.

அந்த மலைக்குள் போன் சிக்னல் வந்து வந்து போகும். நாங்கள் போனபோது, கடையிலிருந்து “அண்ணாச்சி, அந்தக் கம்பெனி பிரைமர் எங்க இருக்கு” என்று வந்துகொண்டிருந்த அழைப்புகள் நின்றுவிட்டன. கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், அதைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு வெளியே பார்க்க ஆரம்பித்தார். சின்ன வயசில் மீட்டர் கேஜ் வண்டியில் எங்கள் மாமாவோடு, அதாவது அவர் அப்பாவோடு, இதே வழியில் கொல்லத்துக்குப் போனதையும், குகைக்குள் வண்டி நுழைந்ததும் பயந்து அப்பா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டதையும் சொன்னார். மாமா கண்டிப்பானவர், யாரையும் மடியில் வைத்துக் கொஞ்சி நான் பார்த்ததில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்தக் கதையை நான் கேட்டதே இல்லை. வீட்டில் அதைச் சொல்வதற்கு நேரம் எங்கே இருக்கிறது? சாப்பிடும்போது சரக்கு வரவில்லை என்று பேசுவோம், படுக்கும்போது ஸ்கூல் பீஸ் பற்றிப் பேசுவோம். புனலூரில் இறங்கி, கல்லடை ஆற்றின் மேல் இருக்கிற பழைய தொங்கு பாலத்தில் நடந்தபோதும் அவர் மாமாவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். நான் உள்நாட்டுப் பயணத்துக்கு இவ்வளவு வக்காலத்து வாங்குவதற்கு அந்த ஒரு சாயங்காலம் போதும்.

ஆத்தங்குடியிலும் இப்படித்தான். காரைக்குடியில் தங்கி, கானாடுகாத்தான் வீடுகளைப் பார்த்துவிட்டு ஆத்தங்குடியில் தரைக்கல் செய்கிற ஒரு பட்டறைக்குப் போனோம். ஒரு பெரியவர் கண்ணாடித் துண்டின் மேல் இரும்பு அச்சை வைத்து, அதன் ஒவ்வொரு அறையிலும் கரண்டியால் வண்ணச் சிமெண்டை ஊற்றுகிறார். மஞ்சள் ஒரு அறை, பச்சை ஒரு அறை. கை நடுங்குவதே இல்லை. அச்சைத் தூக்கினால் பூ நிற்கிறது. அதன் மேல் உலர்ந்த கலவையைத் தூவி, ஈரக் கலவையை வைத்து அழுத்துகிறார். பிறகு தண்ணீரில் ஊற வைத்து, வெயிலில் காய வைத்தால் கண்ணாடி தானாக விட்டு வந்துவிடுகிறது. அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது, பாலீஷ் போடுவதில்லை. கடையில் வருஷக் கணக்காக ஆக்சைடு நிறப்பொடிப் பொட்டலம் விற்கிற என் வீட்டுக்காரர் அவர் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். எந்த நிறம் வெயிலில் வெளுக்கும், எது நிற்கும் என்று ரெண்டு பேரும் பேசிய பேச்சை நான் ஓரமாக நின்று கேட்டேன். தொழில் மேல் அவருக்கு இவ்வளவு ஆசை இருப்பது வியாபாரக் கவலைக்கு அடியில் எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. கூட ஆள் இருந்திருந்தால் “நேரமாச்சு, கிளம்புங்க” என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

தனுஷ்கோடியைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். 1964 டிசம்பர் புயலில் போன ஊரின் இடிந்த தேவாலயத்துக்கு முன்னால் நின்றால் ஜோடியாகப் போனவர்களும் கொஞ்ச நேரம் பேச மாட்டார்கள். விடிவதற்கு முன்னால் போங்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

சரி, குறையே இல்லையா? இருக்கிறது. அதை மறைத்து எழுத எனக்கு மனசில்லை. முதல் குறை கழிப்பறை. பெண்கள் தண்ணீர் குடிக்காமல் பயணம் செய்கிற நாடு இது. நாலு வழிச்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போக முடிகிறது, சுத்தமாக ஒரு கழிப்பறை கிடைப்பதில்லை. வெளிநாடு போய் வந்த பெண்கள் முதலில் புகழ்வது இதைத்தான், அதில் நியாயம் இருக்கிறது.

ரெண்டாவது, தங்கும் இடத்தில் ஜோடிகளைப் பார்க்கிற பார்வை. மலையூர் ஒன்றில் ராத்திரி போய் இறங்கிய எங்களிடம், என் ஆதாரில் அப்பா பெயர் இருக்கிறது என்பதற்காக “கல்யாணம் ஆனதுக்கு ஏதாவது இருக்கா?” என்று கேட்டார்கள். தலை நரைத்த மனுஷனை நிற்க வைத்துக் கேட்ட கேள்வி அது. அவருக்கு முகம் சுண்டிப்போனது. அடையாள அட்டை கேட்கட்டும், அது பாதுகாப்பு. அதற்கு மேல் கேட்க யார் இவர்கள்? கல்யாணமாகாத ஆணும் பெண்ணும் விடுதியில் ஒரே அறையில் தங்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றமே 2019இல் சொல்லியிருக்கிறது. இந்த விஷயத்தில் விடுதிக்காரர்கள் திருந்தாமல் நம் ஊர்ச் சுற்றுலா ஜோடிகளுக்கு ஏற்றதாக மாறாது.

மூன்றாவது, மே மாசம். கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்துவிட்டது. அடுத்த வருஷம் ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கும் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டி என்று நீதிமன்றம் கட்டுப்பாடு போட்டது. அந்த அளவுக்கு மலை திணறுகிறது. மே மாசம் சனிக்கிழமை போய், ஏரியைச் சுற்றி வண்டிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டு, வாடகை இரட்டிப்பாகக் கொடுத்துவிட்டு வந்து “நம்ம ஊர்ல என்ன இருக்கு” என்று சொன்னால் அது ஊரின் குற்றமில்லை.

பணம் என்று பார்த்தால், ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரைக்குமான அறைக்கு ஜிஎஸ்டி 12 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகிவிட்டது. கம்பெனி வேலையில் இருக்கிறவர்கள் எல்டிஏவை, அதாவது லீவில் ஊர் சுற்றக் கம்பெனி கொடுக்கும் பயணப்படியை, நினைவில் வையுங்கள். பழைய வரி முறையில் இருந்தால் நாலு வருஷத் தொகுப்பில் ரெண்டு பயணத்துக்கு வரி விலக்கு உண்டு. இந்தியாவுக்குள் போகிற பயணக் கட்டணத்துக்கு மட்டும்தான் அது. சிங்கப்பூர் டிக்கெட்டுக்குக் கிடையாது. மதுரையிலிருந்தே நேராகச் சிங்கப்பூர், கொழும்பு விமானம் இருக்கிறது, கையில் காசு இருப்பவர்கள் சந்தோஷமாகப் போய் வாருங்கள், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கடன் வாங்கிப் போகாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

ரெண்டு ராத்திரிகூட முடியாது என்கிறவர்கள் மதுரைக்குப் பக்கத்திலேயே இருக்கிற கீழக்குயில்குடி மலைக்குப் போகலாம். நாலு மணிக்குக் கிளம்பினால் போதும். அடிவாரத்தில் அய்யனார் கோயில், தாமரைக் குளம். படியேறினால் பேச்சிப்பள்ளத்தில் பாறையில் வரிசையாகச் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர்கள், கீழே பழைய வட்டெழுத்து. ஆயிரம் வருஷத்துக்கு முந்தையவை. மேலே உட்கார்ந்தால் மதுரை முழுக்கத் தெரியும், சத்தம் மட்டும் வராது. மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி இருக்கிறது. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்று 2022இல் அறிவித்த ஊர். ஊர்ச் சனம் தெருவில் இறங்கிப் போராடி, டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை 2025 ஜனவரியில் ரத்து செய்ய வைத்தது. மதுரைக்காரர்களில் எத்தனை பேர் அந்த மலையை நேரில் போய்ப் பார்த்திருக்கிறோம்?

எங்கள் வீட்டில் முதலில் நான் கேட்டபோது அத்தை, “ரெண்டு பேரு மட்டும் எதுக்குத்தா போகணும்?” என்றார். கோபத்தில் கேட்கவில்லை, அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. மாமாவோடு தனியாக எங்கேயுமே போனதில்லையாம் அவர். இப்போது பிள்ளைகளை அவரே பார்த்துக்கொள்கிறார். வீட்டில் பெரியவர்கள் இருக்கிறவர்கள் பயப்படாமல் வாய்விட்டுக் கேளுங்கள். பெரியவர்களாக இருக்கிறவர்கள், பிள்ளைகள் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லுங்கள்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. ஆடியில் கிளம்ப நினைப்பவர்கள் வைகாசியிலேயே டிக்கெட்டைப் போட்டுவிடுங்கள். ரெண்டு டிக்கெட் மட்டும்.