42 நாட்களும் சிவப்பு மையும்

இனப்பாகுபாட்டு வழக்கில் தோற்ற நண்பர் ஒருவர் சென்ற வாரம் தீர்ப்பை அச்செடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் கோடு. மேலாளரின் சாட்சியத்தை நம்புவதாகச் சொல்லும் வரிகளுக்கு மட்டும் இரட்டைக் கோடு. "இதெல்லாம் பொய் என்று மேல்முறையீட்டில் காட்டிவிடலாம்தானே, அண்ணா?" என்று கேட்டார். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிரித்தானியாவில் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயத்தின் முடிவை எதிர்த்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகிறவர், சட்டப் பிழையை, அதாவது சட்டத்தைத் தவறாகப் புரிந்தோ பொருத்தியோ இருப்பதை மட்டுமே காட்ட முடியும். சாட்சிகளை மறுபடி விசாரிக்க மாட்டார்கள். நியாயமான எந்தத் தீர்ப்பாயமும் வந்திருக்க முடியாத முடிவு என்று வாதிடலாம்தான், ஆனால் அந்த வழியில் வென்றவர்கள் மிகக் குறைவு.

1999இல், அப்போது நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்த்துவைத்த நாகராஜன் வழக்கை அவருக்கு எடுத்துச் சொன்னேன். லண்டன் போக்குவரத்து நிறுவனத்தின் மீது முன்பே இனப்பாகுபாட்டுப் புகார் கொடுத்திருந்த நாகராஜன், தாம் மாதக்கணக்கில் குறையின்றிப் பார்த்திருந்த வேலைக்கே மறுபடி விண்ணப்பித்தபோது, பேச்சுத்திறனுக்கு நேர்முகத் தேர்வில் கிடைத்தது 1 மதிப்பெண். முதல் தீர்ப்பாயம் அவர் பக்கம் நின்றது, இடையில் இரண்டு படிகளில் தோற்றார், கடைசியில் வென்றார். அங்கே விவாதிக்கப்பட்டது அந்த மதிப்பெண் சரியா என்பதல்ல. முந்தைய புகார் தேர்வாளர்களின் மனத்தில் அவர்களே அறியாமல் வேலை செய்திருந்தாலும், புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்கினார்கள் என்று கொள்ளச் சட்டத்துக்கு அது போதுமா என்பதுதான். போதும் என்றது சபை. அந்த மதிப்பெண்ணைப் பற்றிய உண்மை முதல் தீர்ப்பாயத்திலேயே பதிவாகியிருந்ததால்தான் மேலே அது தாங்கியது.

காயப்பட்டவர் தம் கதையை யாரேனும் இன்னொரு முறை கேட்க வேண்டும் என்று ஏங்குவது இயல்பு. அதற்கு அங்கே இடமில்லாதது கொடுமை என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் தீர்ப்புக்கான எழுத்துமூலக் காரணங்கள் அனுப்பப்பட்ட நாளிலிருந்து இருப்பது 42 நாட்கள். கடைசி நாள் மாலை 4 மணிக்குள் மனு போய்ச் சேர வேண்டும். அந்த நாட்களை மேலாளரின் பொய்களை எண்ணுவதில் கழிக்கக் கூடாது.

எண்ண வேண்டியவை வேறு. முன்வைத்த குற்றச்சாட்டு எதற்காவது முடிவே சொல்லாமல் விட்டார்களா? பாகுபாடு என்று ஊகிக்க இடம்தரும் உண்மைகள் நிறுவப்பட்டால், அப்படி இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலாளிக்கு மாறும் என்கிறது 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் 136ஆம் பிரிவு. அதைச் சரியாகப் பொருத்திப் பார்த்தார்களா?

நண்பரின் தீர்ப்பில் அந்தப் பிரிவு ஒரே ஒரு பத்தியில் வருகிறது. அதன் கீழே அவர் கோடு போடவே இல்லை. நாட்காட்டியில் எண்ணிப் பார்த்தோம். இன்னும் 19 நாட்கள் இருக்கின்றன.