செயலி சரி, மெஷினையும் பார்க்கப் பழக்குங்கள்

மருந்தாளர் படிப்பில் மின்னணு மருந்துச்சீட்டு, போன் செயலி, தொலைமருத்துவம் எல்லாம் பாடமாக வேண்டும் என்கிறது நான் வாசித்த ஒரு கட்டுரை. சரி, மறுக்கவில்லை. முல்லைத்தீவு மாவட்டத்தில், மல்லாவிப் பக்கம் சின்னதொரு பாமசி (மருந்துக்கடை) நடத்துகிறேன். போன மாதம் ஓர் அம்மா வந்தார். “தம்பி, சீனி நல்லாக் குறைஞ்சிட்டுது, 11தான் காட்டுது. குளிசையை விடட்டோ?”

கனடாவிலிருந்து மகன் அனுப்பிய, இரத்தத்தில் சீனி பார்க்கிற மெஷின். அது மில்லிமோல் கணக்கில் காட்டும். அவருடைய கிளினிக் கொப்பியில் இருப்பதோ மில்லிகிராம் கணக்கு. 18ஆல் பெருக்கிப் பாருங்கள், 11 என்பது கிட்டத்தட்ட 200! குறைவே இல்லை. நல்லகாலம், கேட்டுவிட்டுத்தான் நிறுத்த நினைத்தார். மெஷினில் பதிந்திருந்த பழைய அளவுகளையும் தட்டிப் பார்த்தோம். திகதி, நேரம் எல்லாம் பிழை. சாப்பாட்டுக்கு முதலா பிறகா என்றே தெரியவில்லை. இதை எந்தச் செயலியில் ஏற்றி என்ன பயன்?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பாமசிப் பட்டப்படிப்பு இருக்கிறது. அந்தப் பிள்ளைகளை இரண்டு கிழமை இங்கே அனுப்புங்கள். சிக்னல் தேடி வளவுக்குள் நடக்கிற ஆட்களுக்கு எது சரிவரும் என்று அவர்களே பார்க்கட்டும். தங்க இடம், சாப்பாடு எங்கள் பொறுப்பு.