வர்றேன் என்று சொல்வதற்கு முன்னால்

கடந்த ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணி முகூர்த்தம் திருமங்கலத்தில், மதியம் காதணி விழா மேலூரில், மாலை என் அலுவலக நண்பர் வீட்டு வரவேற்பு ஒத்தக்கடையில். மூன்றுக்கும் வருவதாக ஒப்புக்கொண்டவன் நான். இரவு பத்தரை மணிக்கு வீடு திரும்பியபோது, அதிகாலையில் மனைவி ஊறவைத்துவிட்டுப் போன அரிசியும் உளுந்தும் புளிப்பு வாடை அடிக்கத் தொடங்கியிருந்தன. முந்தைய இரவுப் பாத்திரங்கள் தொட்டியில் அப்படியே கிடந்தன. மகளின் பள்ளிச் சீருடை துவைக்கப்படவில்லை. நான் வேட்டியை அவிழ்த்து நாற்காலியில் போட்டுவிட்டுப் படுக்கப் போனேன். அவர் பட்டுச் சேலையை மாற்றி, வியர்வை போகக் கொடியில் உலர்த்திவிட்டு, ஊறியதைக் கொட்டிக் கழுவி, மறுநாளைக்கு வேறு என்ன செய்வது என்று டப்பாக்களைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கம் கலைந்து தண்ணீர் குடிக்க எழுந்தவனிடம் அவர் கோபப்படாமல் கேட்டது இதுதான்:

“ஏங்க, எல்லார்கிட்டயும் நீங்க வர்றேன்னு சொல்லிட்டு வந்துடுறீங்க. அதுக்குப் பின்னாடி இருக்கிற வேலைக்கு யாரு வர்றேன்னு சொல்றது?”

மனைவி பள்ளி ஆசிரியை, நான் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கர். இருவருக்குமே வாரத்தில் மிஞ்சுவது அந்த ஒரு நாள்தான். திருமணமான இந்தப் பதின்மூன்று ஆண்டுகளாக, அந்த ஒரு நாளை நான் அவரைக் கேட்காமலேயே ஊருக்கெல்லாம் வாக்குக் கொடுத்து வந்திருக்கிறேன். அழைப்பிதழை வாங்கிக்கொண்டு “குடும்பத்தோட வந்துடுறோம்” என்று சொல்லும் அந்த நொடியிலேயே, அவருடைய உழைப்பில் ஆறு மணி நேரத்தைச் செலவு செய்துவிடுகிறேன் என்பது அன்றுவரை எனக்கு உறைக்கவில்லை.

விசேஷத்துக்குப் போவதை நாம் ஓய்வு என்றோ கடமை என்றோதான் எண்ணுகிறோமே தவிர, அது வீட்டு வேலையின் ஒரு பகுதி என்று எண்ணுவதில்லை. யாருக்கு எவ்வளவு செய்ய வேண்டும் என்று மொய் நோட்டைப் புரட்டிப் பார்ப்பது யார்? எங்கள் வீட்டு மொய் நோட்டு முழுக்க அவர் கையெழுத்துதான். மகளுக்கு எந்த உடை, அதற்கேற்ற வளையல் எங்கே, கிளம்புவதற்கு முன் சிலிண்டரை மூடியாயிற்றா, வரும்போது மாமியாருக்கு மாத்திரை வாங்க வேண்டுமா என்று யோசிப்பதெல்லாம் அவர்தான். தாம்பூலப் பையில் வந்த ஐந்து தேங்காய்களும் அழுகுவதற்குள் உடைத்துத் துருவி டப்பாவில் போட்டு வைப்பதும் அவர்தான். பந்தியில் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்போம். ஆனால் அந்த இலைக்கு முன்னும் பின்னும் இருக்கும் வேலை முழுவதும் ஒருவர் தலையில்தான்.

மத்திய அரசின் புள்ளியியல் துறை நாடு முழுவதும் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, 2019இல் ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்காக ஒரு நாளில் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். 2024 ஆய்வில் அது முறையே 289, 88 என்று ஆனது. பெண்களின் வேலை பத்து நிமிடம் குறைந்தபோது ஆண்களின் வேலையும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. இடைவெளி 202 நிமிடத்திலிருந்து 201 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த 97 நிமிடமும்கூட வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களின் கணக்குதான். 2019இல் அப்படிக் கை வைத்தவர்கள் ஆண்களில் 26.1 சதவீதம் மட்டுமே. மண்டபத்தில் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசும் நேரம் இதே ஆய்வில் உறவாடல், சமூகப் பங்கேற்பு என்ற தனி வகையில் சேர்ந்துவிடும். அப்படி நான் உட்கார்ந்து பேசுவதற்காக இஸ்திரி போடப்பட்ட சட்டையோ மனைவியின் கணக்கில் வீட்டு வேலையாகப் பதிவாகும். இரண்டும் ஒரே நிகழ்ச்சியின் இரண்டு முனைகள் என்பது எந்த அட்டவணையிலும் தெரியாது. வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி வழங்கிய ஒரு தீர்ப்பை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். மனைவி வீட்டைக் கவனித்துக்கொண்டதால்தான் கணவனால் வெளியே போய்ச் சம்பாதிக்க முடிந்தது, ஆகவே அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் அவருக்கும் சம பங்கு உண்டு என்பது அதன் சாரம். சொத்துக்குச் சொன்னது நல்ல பெயருக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். எங்கள் பக்கத்தில் “அவரு எல்லாத்துக்கும் வந்து நிக்கிற மனுஷன்” என்று என்னைச் சொல்வார்கள். அந்தப் பெயரில் பாதிக்கு மேல் என் மனைவி உழைத்துச் சம்பாதித்தது.

“அப்படியானால் விசேஷங்களைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதானே” என்று நண்பர்கள் எளிதாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. என் அப்பா மருத்துவமனையில் கிடந்த பதினான்கு இரவுகளில், அவருக்குத் துணையாக நான் தனியாக இருந்தது மூன்றே இரவுகள்தான். மற்ற இரவுகளில் முறைவைத்து வந்து படுத்துக்கொண்டவர்கள் பங்காளிகளும் மாமன் மச்சான்களும் தெருக்காரர்களும்தான். அந்த உறவு சும்மா வந்ததல்ல. அவர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போய் நின்றதால் வந்தது. அதை வேண்டாம் என்று வெட்டிவிட முடியாது, வெட்டவும் கூடாது. குறைக்க வேண்டியது போக்குவரத்தை அல்ல. அதன் சுமையை ஒருவரே தூக்குவதைத்தான்.

இப்போது மாதக் கடைசியில் இருவரும் தினசரிக் காலண்டரையும் அழைப்பிதழ்களையும் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்காருகிறோம். அதற்கு முன் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. தாய்மாமன் சீர் போன்ற, இருவரும் நின்றே ஆக வேண்டியவற்றுக்கு மட்டும் சேர்ந்து போகிறோம். மற்றவற்றுக்கு யார் பக்கத்து உறவோ அவர் போய்வருகிறார். வீட்டில் இருப்பவர் அன்றைய வேலையை முழுதாக ஏற்கிறார். சேர்ந்து போகும் வாரத்தில், சனிக்கிழமை இரவே நான் மாவை அரைத்து, துணியைத் துவைத்துப் போட்டுவிடுகிறேன். துக்க வீடு மட்டும் எந்தக் காலண்டருக்கும் அடங்காது. செய்தி வந்தால் யார் கையில் எந்த வேலை இருந்தாலும் மற்றவர் வாங்கிக்கொள்கிறார்.

இதில் கடினமானது வேலை அல்ல. தனியாக மண்டபத்துக்குள் நுழைந்ததும் வரும் “வீட்ல வரலையா? ஏதும் மனத்தாங்கலா?” என்ற கேள்விதான் கடினமாக இருக்கிறது. என் பெரியம்மா ஒருவர், மருமகளுக்கு மரியாதை தெரியவில்லை என்றே சொல்லிவிட்டார். “மரியாதைக் குறைவு எதுவும் இல்ல பெரியம்மா, போன வாரம் அவ தங்கச்சி வீட்டு வளைகாப்புக்கு நான் போகாம வீட்டு வேலையைப் பாத்தேன், இந்த வாரம் அவ பாக்குறா” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் இந்தக் கேள்விகளுக்கு நாக்கூசாமல் பதில் சொல்ல வேண்டியது ஆண்கள்தான் என்பது என் உறுதியான எண்ணம். நாம் வாய் திறக்காவிட்டால் பழி முழுவதும் வராத பெண்ணின் மேல்தான் விழும்.

இந்த ஏற்பாடு வந்த பிறகுதான் இன்னொன்றும் என் கண்ணில் பட்டது. பழைய காலண்டர்களில் வட்டம் போட்ட நாட்கள் எல்லாமே என் உறவு, என் நண்பர்கள், என் அலுவலகம். மனைவியுடன் கல்லூரியில் படித்தவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை மதுரையிலேயே கூடுகிறார்கள். மூன்று ஆண்டுகளாக அழைப்பு வந்தும், “ஞாயித்துக்கிழமை எனக்கு எப்படி முடியும்” என்று அவர் மறுத்திருக்கிறார். என்னிடம் அதைச் சொல்லக்கூட இல்லை.

சென்ற மாதம் போய்வந்தார். காலை ஒன்பது மணிக்குக் கிளம்பி இரவு எட்டரைக்கு வந்தார். மாவு அரைத்து வைத்திருந்தது, சீருடை மடித்திருந்தது, மகள் சாப்பிட்டுவிட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். அவர் கூடத்துத் தரையில் உட்கார்ந்து, விடுதி அறையில் நடந்ததையும், யாருக்கு எங்கே வேலை, யாருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதையும் பத்து மணிவரை சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொன்ன பெயர்களில் ஏழெட்டை நான் அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கேட்டேன்.