லேர்னிங் டிஸெபிலிட்டி என்றால் அறிவு குறைவா?

‘ஆங்கிலத்தில் லேர்னிங் டிஸெபிலிட்டி என்றாலே புத்தி மட்டு என்றுதான் அர்த்தம், வாசிக்கவும் எழுத்துக்கூட்டவும் திணறும் டிஸ்லெக்சியாவும் அதில் அடக்கம்’ என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். பாதிதான் சரி, அதுவும் பிரிட்டனில் மட்டும். அங்கே அந்தச் சொல் அறிவுத்திறன் குறைபாட்டைத்தான் குறிக்கும். ஆனால் டிஸ்லெக்சியா அதில் சேராது, அதை லேர்னிங் டிஃபிகல்ட்டி (கற்றல் சிரமம்) என்பார்கள்.

அமெரிக்காவில் கதையே வேறு. 1963இல் சாமுவேல் கிர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்தச் சொல்லைப் பரப்பியதிலிருந்து, பொதுவான அறிவுத்திறன் நன்றாக இருந்தும் வாசிப்பிலோ எழுத்திலோ கணக்கிலோ திணறுவதற்குத்தான் அந்தப் பெயர். கேள்விக்கு வாயால் டக்கென்று பதில் சொல்லும் பிள்ளை, அதையே தாளில் எழுதச் சொன்னால் எழுத்துக்கூட்ட முடியாமல் தடுமாறுமே, அது இந்த வகை. அறிவுத்திறன் குறைபாட்டுக்கு அங்கே இன்டலெக்சுவல் டிஸெபிலிட்டி. 2010இல் ரோசா சட்டம் வந்தபோது, கூட்டாட்சிச் சட்டங்களில் இருந்த மென்டல் ரிட்டார்டேஷனை எடுத்துவிட்டு இதைப் போட்டார்கள். பழைய சொல் வசவாகிவிட்டதே காரணம். (இன்று திட்டப் பயன்படும் மோரான்கூட 1910இல் ஒரு உளவியலாளர் உருவாக்கிய துறைச்சொல்தான்!)

அதனால் லேர்னிங் டிஸெபிலிட்டி என்று எழுதிய ஒரு அறிக்கை கைக்கு வந்தால், அது எந்த நாட்டில் எழுதப்பட்டது என்று முதலில் பாருங்கள்; அப்புறம் பொருள் சொல்லலாம்.