ஜூன் 31

"விளையாட்டு வினையாகும்" என்று சொல்லிச் சொல்லியே வளர்த்துவிட்டார்கள். அச்சகம் தொடங்கியபோது எனக்குத் தெரிந்த ஒரே நிர்வாகக் கொள்கையும் அதுதான். முதலாளி என்றால் முகம் இறுகியிருக்க வேண்டும், நாம் சிரித்தால் வேலையாட்கள் தலைமேல் ஏறிவிடுவார்கள், கஸ்டமர் நம்மை விளையாட்டுப் பிள்ளை என்று நினைத்துவிடுவார். நாலைந்து வருடம் அப்படித்தான் ஓட்டினேன். நான் உள்ளே நுழைந்ததும் பேச்சுச் சத்தம் நின்றுபோகும். அதை மரியாதை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அந்த காலண்டர் வந்தது.

ஒரு நிறுவனத்துக்கு மாதத்துக்கு ஒரு தாள் என்று ஆயிரம் பிரதி. டிசைன் செய்த பையன் மே மாதப் பக்கத்தை காப்பி எடுத்து, கிழமைகளைச் சரியாக நகர்த்தி, தலைப்பில் ஜூன் என்று மாற்றி, கடைசியில் இருந்த 31-ஐ மட்டும் அழிக்க மறந்துவிட்டான். நான் ப்ரூஃப் பார்த்தேன். கஸ்டமரும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். எழுத்துப் பிழையைத்தான் எல்லோரும் தேடினோமே தவிர, ஜூனுக்கு எத்தனை நாள் என்று யார் எண்ணுவது? மொத்தமும் அச்சாகி பைண்டிங்குக்குப் போன பிறகு, அங்கே இருக்கிற அக்காதான் தாளைத் தூக்கிப் பிடித்து, "ஏன் தம்பி, ஜூன் முப்பத்தொண்ணு எப்ப இருந்து வருது?" என்றார்.

நான் கத்த ஆரம்பித்தேன். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த அக்கா மட்டும் நிமிராமல் தாளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "விடு தம்பி. உலகத்துல யாருக்கும் இல்லாத ஒரு நாள் நமக்குக் கெடச்சிருக்கு. அன்னைக்கு லீவு விட்டுடு."

ஒரு நொடி யாரும் மூச்சு விடவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அதைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குகிற நேரத்தில்தான் மெஷின் ஓட்டுகிறவர் மெதுவாக வந்து சொன்னார்: "அண்ணே, நூறு தாள் ஓடுறப்பவே நான் பாத்துட்டேன்."

"பாத்துட்டு ஏன் சொல்லல?"

"காலையிலேருந்து நீங்க கோவமா இருந்தீங்க. கஸ்டமர் வேற கையெழுத்துப் போட்டுட்டாரு. எதுக்கு வம்புன்னு..."

அதாவது மீதித் தொள்ளாயிரம் தாள் வீணானதற்குக் காரணம் டிசைன் பையனின் மறதி இல்லை. என் முகம். இதை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

பின்னால் ஒரு ஆய்வைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்தத் தொள்ளாயிரம் தாளும் கண்முன் வந்தன. ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக ஒத்துழைக்கிற குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். கணக்கில் தலைகீழாக வந்தது, நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. ஆழமாகப் பார்த்தபோது புரிந்த காரணம், அவர்கள் தவறு அதிகம் செய்யவில்லை, செய்ததைப் பயமில்லாமல் வெளியே சொன்னார்கள் என்பதுதான். மற்ற குழுக்களில் தவறுகள் மறைந்துகிடந்தன. என் அச்சகம் அந்த இரண்டாவது வகை. தவறே நடக்காத இடம் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த வருடங்களில் எத்தனை ஜூன் 31 சத்தமில்லாமல் பார்சலாகிப் போனதோ.

அந்தத் தாளை ஃபிரேம் போட்டு மெஷினுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினோம். பக்கத்தில் நானே சொதப்பிய ஒரு விசிட்டிங் கார்டு, போன் நம்பரில் ஒரு இலக்கம் குறைவு. என்னுடையதும் அந்தச் சுவரில் இருப்பது முக்கியம் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் அது கண்காட்சி இல்லை, தண்டனை. இப்போது எங்கள் இடத்தில் "ஜூன் 31" ஒரு சொல்லாகவே ஆகிவிட்டது. பிழை என்றாலும் அதுதான், நடக்கவே நடக்காத விஷயம் என்றாலும் அதுதான். இழுத்தடிக்கிற கஸ்டமர் எப்போது பணம் தருவார் என்று கேட்டால், ஜூன் 31.

இதை எழுதினால் உடனே சில நண்பர்கள் கேட்பார்கள், "கடனும் வட்டியும் கழுத்தை நெரிக்கும்போது எங்கே விளையாடுவது?" நியாயமான கேள்வி. நானும் அந்தக் கழுத்தோடுதான் இருக்கிறேன். ஆனால் நெருக்கடியில் பார்வை குறுகிவிடும், முன்னால் இருக்கிற ஒரே வழியைத் தவிர வேறெதுவும் தெரியாது. இது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். 1987-ல் ஆலிஸ் ஐசன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது. ஒரு மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, ஒரு பெட்டி நிறைய குண்டூசி. மெழுகு கீழே சொட்டாமல் திரியை எரியவிட்டு, மெழுகுவர்த்தியைச் சுவரில் பொருத்த வேண்டும். பெட்டியைக் காலி செய்து, அதையே சுவரில் குத்தி மேடையாக்குவதுதான் விடை. பெட்டி என்றால் குண்டூசி வைக்கத்தான் என்று நினைக்கிறவருக்கு அது தோன்றவே தோன்றாது. சோதனைக்கு முன் சில நிமிடம் நகைச்சுவைப் படம் பார்த்துச் சிரித்தவர்கள், பார்க்காதவர்களைவிட மிக அதிகமாக விடையைக் கண்டுபிடித்தார்கள். கடன் இருக்கிற முதலாளிக்குத்தானே அந்தப் பெட்டி வேறு மாதிரித் தெரிய வேண்டும்?

குழந்தைகள் உருட்டி விளையாடுகிற பிளே-டோ களிமண் தெரியும்தானே. அது முதலில் விளையாட்டுப் பொருளே இல்லை. வீட்டுச் சுவர்க் காகிதத்தில் படிந்த நிலக்கரிக் கரியைத் துடைக்கிற பசை. சின்சினாட்டியில் குட்டால் என்ற கம்பெனி அதைத் தயாரித்து வந்தது. வீடுகளைச் சூடாக்க நிலக்கரி எரிப்பது குறைந்ததும், கழுவக்கூடிய வினைல் காகிதம் வந்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. அந்தக் கம்பெனியை நடத்திய குடும்பத்தின் உறவுப் பெண் கே ஸுஃபால் மழலையர் பள்ளி நடத்தியவர். அவர்தான் அந்தப் பசையைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார், பிள்ளைகள் விடவில்லை. 1956-ல் அது பொம்மைக் களிமண்ணாகக் கடைக்கு வந்தது. கரி துடைப்பதைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தவர்கள் கண்ணில் படாதது, விளையாட்டுப் பிள்ளைகள் கையில் இருந்திருக்கிறது.

இதைச் சொல்லிவிட்டு ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் இடத்தில் வாரக் கடைசி ஒரு மணி நேரம், வெட்டுத் துண்டுக் காகிதங்களை வைத்து யார் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். பெரும்பாலும் குப்பைதான் வரும். ஒருமுறை உள்ளங்கை அளவில் ஒரு குறிப்பேடு வந்தது, இன்றும் விற்கிறது. உடனே எனக்கு ஆசை வந்து, "இந்த வாரம் என்ன புதுசா?" என்று கேட்க ஆரம்பித்தேன். இரண்டே வாரத்தில் ஆட்கள் அந்த நேரத்துக்கு வெளியே போக ஏதாவது காரணம் கண்டுபிடித்தார்கள். லாபத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால் அது விளையாட்டு இல்லை, ஓவர்டைம். வாயை மூடிக்கொண்டேன். திரும்பவும் குப்பை வர ஆரம்பித்தது, எல்லோரும் இருந்தார்கள்.

முதலாளி அடிக்கிற ஜோக்கையும் நம்பக் கூடாது. நாம் என்ன சொன்னாலும் சிரிப்பார்கள், அது சம்பளத்தில் சேர்ந்த சிரிப்பு. நம்மை வைத்து அவர்கள் ஜோக் அடிக்கிறார்களா என்றுதான் பார்க்க வேண்டும். சம்பளத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு கலகலப்பு பேசுகிறவர்களைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை, எழுதினால் கெட்ட வார்த்தை வரும்.

"எப்போதும் கேலியும் கிண்டலுமாக இருந்தால் கஸ்டமருக்கு மரியாதை எங்கே" என்று கேட்பவர்கள் ஒருநாள் வந்து பார்க்கலாம். துக்கச் செய்தி அச்சடிக்க யாராவது வந்தால் நான் கண் காட்ட வேண்டியதே இல்லை. ரேடியோ தானாக நிற்கும். ஒருவர் நாற்காலி இழுத்துப் போடுவார். அந்த வேலை வரிசையில் முதலில் போகும்.

சண்டைகளையும் இப்படித் தீர்க்க முடியுமா என்று அவ்வப்போது யோசிப்பேன். அமெரிக்காவில் சவுத்வெஸ்ட் விமான நிறுவனம் "ஜஸ்ட் பிளேன் ஸ்மார்ட்" என்ற விளம்பர வாசகத்தைப் போட்டது. அதற்கு முன்பே ஸ்டீவன்ஸ் ஏவியேஷன் என்ற, அதைவிட மிகச் சிறிய கம்பெனி "பிளேன் ஸ்மார்ட்" என்று வைத்திருந்தது. வழக்கு என்று போயிருந்தால் வருடக்கணக்கில் இழுத்திருக்கும். ஸ்டீவன்ஸ் தலைவர் கர்ட் ஹெர்வால்ட் விடுத்த சவால், கைமல்யுத்தம். 1992-ல், சவுத்வெஸ்ட் தலைவரான 61 வயது ஹெர்ப் கெல்லெஹர் டாலஸில் ஒரு மல்யுத்த அரங்கில், கூட்டத்துக்கு நடுவே, அவரோடு கை பிடித்துத் தோற்றார். ஜெயித்தவர், நீங்களும் வாசகத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுக்கொடுத்துவிட்டார். நம் தொழிலில் ஒரே ஒரு ஆர்டருக்காகப் பத்து வருடம் பேசாமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும். அதில் ஒருவன் நான். நான் பேசாமல் இருக்கிறவருக்கு இந்தக் கதையை வாட்ஸப்பில் அனுப்பினேன். இரண்டு நீல டிக் வந்தது, அவ்வளவுதான். பார்ப்போம்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பையன் ஒரு தாளைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேஜைக்கு ஓடி வந்தான். சேர்ந்து பதினைந்து நாள்கூட ஆகவில்லை. முகம் வெளுத்திருந்தது, ஆனால் நேராக என்னிடம்தான் வந்தான்.

"அண்ணே, ஜூன் 31."

"எத்தனை தாள் ஓடிருக்கு?"

"நாப்பது."

மெஷினை அவனே நிறுத்திவிட்டு வந்திருந்தான்.