அமெரிக்காவில் 100க்கு 90 பேர் பெற்றோரை மிஞ்சுகிறார்களா?

நேற்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு செய்தியை அனுப்பியிருந்தார்: “அமெரிக்காவில் 100க்கு 90 பிள்ளைகள் பெற்றோரைவிட அதிகம் சம்பாதிக்கிறார்கள். ஹார்வர்டு ஆய்வு.” அதற்குக் கீழேயே, “வீட்டை அடமானம் வைத்துத் தம்பியை அனுப்பிடலாமா?” என்று கேட்டிருந்தார்.

அந்த 90 பொய்யான எண் அல்ல, பழைய எண். பொருளியல் அறிஞர் ராஜ் செட்டியும் சக ஆய்வாளர்களும் 2017இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட கட்டுரையில் இருப்பது அது. 1940இல் பிறந்த அமெரிக்கர்களில் சுமார் 90 சதவீதம் பேர், விலைவாசி ஏற்றத்தைக் கழித்த பிறகும், 30 வயதில் பெற்றோரைவிடக் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். 1980களில் பிறந்தவர்களுக்கு அது சுமார் 50 சதவீதம்தான். ஃபார்வர்டில் இந்த இரண்டாவது வரியைக் காணோம்.

அதற்காக அங்கே எல்லாம் முடிந்துவிட்டது என்பதும் சரியில்லை. இடத்துக்கு இடம் நிறைய மாறுகிறது. செட்டி வேறு சில ஆய்வாளர்களோடு செய்த 2014 ஆய்வில், வருமானத்தில் அடித்தட்டு ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்களில் பிறந்த பிள்ளை மேல்தட்டு ஐந்தில் ஒரு பங்குக்குள் வரும் வாய்ப்பு கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரப் பகுதியில் 12.9 சதவீதம், வட கரோலினாவின் சார்லட் நகரப் பகுதியில் 4.4 சதவீதம்தான்.

ஆப்பர்சூனிட்டி அட்லஸ் என்ற இணைய வரைபடத்தில் இதுபோன்ற விவரங்களைப் பகுதிவாரியாக யாரும் இலவசமாகப் பார்க்கலாம். சித்தப்பாவுக்கும் அதைத்தான் அனுப்பினேன். கடன் முடிவை இப்படிப்பட்ட ஒற்றை வரியை வைத்து எடுக்காதீர்கள். அந்தச் செய்தி உங்கள் குழுவுக்கு வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள்.